ஹொண்டா சி50, 6 வோல்ட் மொடல்: வீட்டில் வைத்துத் திருத்துகிறேன், பூச்சில் கை வைக்கலாமா?

சில்லு (யாழ்ப்பாணம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஹொண்டா சி50 இப்போது என் வீட்டு விறாந்தையில் நிற்கிறது. 'ஸ்ரீ' எழுத்துப் போட்ட பழைய இலக்கத் தகடு, பதிவுப் புத்தகம் இரண்டும் இருக்கின்றன. இஞ்சின் இலக்கம் சி50ஈ என்று தொடங்குகிறது, புத்தகத்தோடும் ஒத்துப் போகிறது. கனகாலம் மாட்டுக் கொட்டிலில் கிடந்த வண்டி.

நிலைமை இதுதான். கிக்கரை மிதித்தால் இறங்குகிறது, ஆனால் காலுக்கு எதிர்ப்பே இல்லை. வயரை எலி கடித்துவிட்டது. பெற்றோல் தாங்கிக்குள் துரு. இடப்பக்கக் கால்மறைப்பு, போல்ட் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. பின்சில்லு ரயர் வெடித்துத் தொங்குகிறது. சட்டத்தின் சிவப்புப் பூச்சு வெளிறியிருந்தாலும் பெரும்பாலும் கம்பனிப் பூச்சுத்தான். கரியரில் சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி இறுக்கிச் சுற்றியிருக்கிறார். கொப்பிக் கட்டு வழுக்காமல் இருக்கச் செய்தது.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள்: சுரண்டி எடு, புதுப் பெயின்ற் அடி, 12 வோல்ட்டுக்கு மாற்று, கொழும்பில் புதுச் சாமான் வாங்கிப் போடு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இஞ்சின், பிறேக், சில்லு எல்லாம் புத்தகத்தில் சொன்ன அளவுக்குத் திரும்ப வேண்டும். வெளித்தோற்றம் அவர் பள்ளிக்கு ஓடிப்போனபோது இருந்தபடியே இருக்க வேண்டும். இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கோ.

கப்சாய்70 (ஈப்போ, மலேசியா)

நல்ல வண்டி கிடைத்திருக்கிறது, வாழ்த்துகள். என்னிடம் இருப்பது சி70. இங்கே இந்த வகை வண்டிக்கே கப்சாய் என்றுதான் பெயர். ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போனவர்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போனது இதுதான். இந்த வரிசையின் முதல் வண்டியான சூப்பர் கப் 1958 ஆகஸ்டில் ஜப்பானில் வந்தது, 2017இல் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. அதனால் சாமானுக்குக் கவலை வேண்டாம்.

ஆனால் இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் ஒரு ஸ்குரூ டிரைவர் வாங்குங்கள். இஞ்சின் மூடிகளில் இருப்பது ஜப்பானிய அளவு நட்சத்திர ஸ்குரூ. பிலிப்ஸ் டிரைவரைப் போட்டால் முனை மேலே ஏறி வந்து தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் என்று கேட்டு வாங்குங்கள். இறுகிப்போன ஸ்குரூவுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவர். அடிப்பதற்கு முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்தால், அலுமினியத்தில் உள்ள புரி பிழைக்கும்.

அப்புறம் ஒன்று. சட்டத்தின் பின்பாதி, பின் மட்கார்டு எல்லாம் தகட்டை அழுத்திச் செய்த ஒரே உடல். உள்பக்கம் சேறு தங்கும். பேட்டரி வைக்கும் இடத்தில் ஆசிட் வடிந்து தகட்டைத் தின்றிருக்கும். டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மந்தமாகிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பூச்சை வைத்திருப்பதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

கோவைலேத் (கோயம்புத்தூர்)

எங்கள் ஊரில் இந்த வண்டி ஓடியதில்லை. நான் கை வைத்ததெல்லாம் ஆர்எக்ஸ்100, டிவிஎஸ் 50, யெஸ்டி. இரும்புக்கு ஊர் தெரியாது என்பதால் சொல்கிறேன்: முழுக்கச் சுரண்டி, மணல் அடித்து, பிரைமர் போட்டு, கடினமாக்கி கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட் அடிப்பதுதான் நிரந்தரத் தீர்வு. உங்கள் ஊர் கடற்காற்று வேறு. பழைய பூச்சுக்கு அடியில் துரு எங்கே ஓடுகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆசை புரிகிறது, ஆனால் பத்து வருடம் கழித்து வண்டி இருக்க வேண்டும் அல்லவா?

கிக்கரில் எதிர்ப்பு இல்லை என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கம்) இல்லை. அதற்குப் பிஸ்டன் ரிங்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளி பாருங்கள். வால்வு முழுதாக மூடாமல் நின்றாலும் இதே குணம்தான். பிளக் ஓட்டை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி மிதியுங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு. இந்த எஞ்சின் கிட்டத்தட்டப் படுத்தபடி இருப்பதால் ஆயில் சிலிண்டரின் கீழ்ப்பக்கமே தேங்கும், சோதனை அவ்வளவு துல்லியமாக இருக்காது. ஆனாலும் ஒரு போக்கு தெரியும்.

பழையகரி (ரொறன்ரோ)

சில்லு தம்பி, அந்த இஞ்சின் 1990களில் ஓடினதா என்று விசாரியும். ஓடியிருந்தால் அது குடித்தது மண்ணெண்ணெயாகத்தான் இருக்கும்.

இங்கே இளம் ஆட்கள் இருப்பதால் சொல்கிறேன். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. கிடைத்த கொஞ்சமும் யானை விலை. கார், மோட்டார் சைக்கிள், தண்ணீர் இறைக்கிற மெசின் எல்லாமே மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சொட்டு விட்டு உதைப்போம். இஞ்சின் சூடு பிடித்த பிறகு மண்ணெண்ணெய் தானாக எரியும். வெள்ளைப் புகையும் அந்த மணமும் இப்பவும் மூக்கில் நிற்கிறது.

அதற்கு இஞ்சின் கொடுத்த விலை பெரிது. எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். பிஸ்ரன் தலையிலும் வெளிவால்விலும் கரி கட்டும். மண்ணெண்ணெய் நொக்கிங் (தாறுமாறாக வெடித்து இஞ்சின் தட்டுவது) கொடுக்கிற எரிபொருள் என்பதால் அமுக்கத்தைக் குறைக்க வேண்டும், அதற்கு சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் என்னென்னவோ வைத்துப் பார்த்த கைகளும் உண்டு. ஹெட்டைக் கழற்றும்போது அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற கஸ்கெற் எத்தனை என்று கவனியும்.

சில்லு

பழையகரி அண்ணை, நீங்கள் சொன்னதுதான். ஹெட்டைக் கழற்றினேன், கஸ்கெற் இரண்டு. ஒன்று கம்பனிச் சாமான், மற்றது செப்புத் தகட்டில் கையால் வெட்டினது. ஓட்டைகளின் விளிம்பை அரத்தால் ராவி எவ்வளவு வடிவாகச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதைத் தனியே எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

பிஸ்ரன் தலையில் கரி ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாது. வெளிவால்வின் இருக்கையில் ஒரு பக்கம் கரி சிக்கி, வால்வு சாய்வாக நின்றிருக்கிறது. ஹெட்டைக் கழற்ற முதலே கோவைலேத் சொன்னபடி ஒயில் விட்டும் பார்த்திருந்தேன். எதிர்ப்பில் பெரிய மாற்றமில்லை, ஆக வால்வுதான் முதல் குற்றவாளி. உள்வால்வின் துளைக்குள் பெற்றோல் ஊற்றி வைத்தேன், ஒரு சொட்டும் கசியவில்லை. வெளிவால்வில் ஊற்றிய கையோடு எரிஅறைப் பக்கம் ஈரமாகிவிட்டது.

சட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். பற்றரித் தட்டுக்குக் கீழே ஒரு சதக் காசு அளவு இடம் மெலிந்திருக்கிறது, மற்றதெல்லாம் கணீர்.

கோவைலேத்

அருமை. வால்வின் தண்டு ஓடும் குழாயான வால்வு கெய்டில் ஆட்டம் உண்டா பாருங்கள். வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் தெரியும். ஆட்டமுள்ள கெய்டில் வால்வை என்னதான் தேய்த்தாலும் நிலைக்காது. ஆட்டம் இல்லையென்றால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுக் கையால் தேய்த்தாலே போதும். சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் முழுச் சுற்றும் வர வேண்டும். பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் கழுவி எடுங்கள். ஒரு துணுக்கு உள்ளே போனாலும் சிலிண்டரை அறுக்கும்.

ரிங்கைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். கழற்றிய ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக நிற்கச் செய்து, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளங்கள். 0.10 முதல் 0.30 மி.மீ. வரை நல்லது. 0.5 தொட்டால் மாற்ற வேண்டும். சிலிண்டரின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அளங்கள். மேலே கூடுதலாகவும் அடியில் குறைவாகவும் காட்டினால் சிலிண்டர் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது, புது ரிங் போட்டும் பயனில்லை. அப்போது போரிங் போட்டு (சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி) 0.25 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன். பிஸ்டனைக் கையில் வாங்கிய பிறகே சிலிண்டரை லேத்துக்குக் கொடுக்க வேண்டும். பிஸ்டனை அளந்துதான் ஓட்டையை வெட்டுவார்கள்.

சில்லு

கெய்டில் ஆட்டம் இல்லை. ரிங்கின் வாய் மூன்று இடத்திலும் 0.4ஐ ஒட்டி நிற்கிறது. சிலிண்டர் சுவரில் கீறலும் இல்லை. 39 மி.மீ. மூலச் சிலிண்டரையும் பிஸ்ரனையும் வைத்துக்கொண்டு ரிங் மட்டும் புதிது போடுகிறேன். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. மூல அளவில் இன்னும் உயிர் இருக்கிறபோது போரிங் போட எனக்கு விருப்பமில்லை.

தேம்ஸ்90 (லண்டன்)

வணக்கம் சில்லு. நான் இங்கே சி90 வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் 40 வயது தாண்டிய வண்டிக்கு வீதிவரி விலக்கும் வருடாந்தச் சோதனை விலக்கும் உண்டு, அதனால் பழைய கப் வைத்திருப்பவர்கள் அதிகம்.

மின்சாரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 6 வோல்ட்டை விடுங்கோ. மழை இருட்டில் அந்த வெளிச்சம் மெழுகுதிரி மாதிரி. 12 வோல்ட் சிடிஐ (மின்னணுத் தீப்பொறி முறை) இஞ்சினின் மக்னற், ஸ்ரேற்றர், சுருள் எல்லாம் செற்றாகக் கிடைக்கிறது. தீப்பொறிக்காக மின்னைத் துண்டிக்கிற பொயின்ற் தேய்கிற பிரச்சினையும் போய்விடும். நான் மாற்றி நிம்மதியாக ஓடுகிறேன். உயிருக்குப் பாதுகாப்பு முக்கியம், மூலச் சாமான் என்கிற பெருமை பிறகு.

சில்லு

உங்கள் கருத்தை மதிக்கிறேன், ஆனால் நான் 6 வோல்ட்டிலேயே நிற்கப் போகிறேன். காரணம் பெருமை இல்லை.

இந்த மொடலில் தீப்பொறிக்குப் பற்றரி தேவையில்லை. ஃபிளைவீலுக்குள் இருக்கிற சுருளிலிருந்தே நேரடியாக மின் வருகிறது. பற்றரி செத்தாலும் வண்டி வீடு வந்து சேரும். தலைவிளக்கும் ஓடும்போது ஃபிளைவீலிலிருந்துதான் எரிகிறது. ஹோர்ன், சிக்னல், பிறேக் லைற் மட்டும் பற்றரியில். ஒரு வயர் அறுந்தாலும் ரோச் லைற்றும் குறட்டும் வைத்து வீதியோரத்தில் கண்டுபிடிக்கலாம். வன்னிப் பக்கம் தூரம் போகிறவனுக்கு இது பெரிய விஷயம்.

பிறகு, வெளிச்சம் மங்கலாவதற்கு 6 வோல்ட்டை மட்டும் குறை சொல்லக்கூடாது. குறைந்த வோல்ட்டில் அதே வாற்றுக்கு மின்னோட்டம் இரட்டிப்பு. அதனால் துருப்பிடித்த ஒவ்வொரு இணைப்பும் இரட்டிப்பு வோல்ட்டைத் தின்னும். பச்சை வயர் எல்லாம் ஏர்த். அது சட்டத்தில் சேருகிற இடத்தைப் பளபளவென்று சுரண்டி, கிறீஸ் பூசி இறுக்கினேன். தலைவிளக்குக் கிண்ணத்துக்குள் இருக்கிற உருளை இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துலக்கினேன். எலி கடித்த இடத்துக்கு ஒரு அளவு தடித்த வயர் போட்டேன், நிறம் மட்டும் பழைய ஒழுங்கில். சோதனைக்குப் பல்ப்பைப் பற்றரியில் நேரடியாகப் பிடித்தபோது இருந்த வெளிச்சத்துக்கும் வயர் வழியாக வரும் வெளிச்சத்துக்கும் இப்போது கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கப்சாய்70

சில்லு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த 6 வோல்ட் முறையில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் கருவி தனியாகக் கிடையாது. எந்த வாட் பல்ப் போடுகிறீர்கள் என்பதுதான் கட்டுப்பாடு. பின்விளக்குப் பல்ப் ஃபியூஸ் போனால் அதற்குப் போன மின்சாரமும் தலைவிளக்குக்கே போய், கொஞ்ச நேரத்தில் அதுவும் எரிந்துவிடும். "இந்த வண்டி பல்ப் தின்னும்" என்று பெயர் வந்தது இப்படித்தான். புத்தகத்தில் போட்டிருக்கும் வாட்டையே போடுங்கள். கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்று பெரிய வாட் போட்டால் இன்னும் மங்கலாகத்தான் எரியும்.

தேம்ஸ்90

ஏற்றுக்கொள்கிறேன், இணைப்புகளைத் துலக்கினால் இவ்வளவு கிடைக்கும் என்று நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் இரவில் வேலைக்குப் போகிறவருக்கு நான் 12 வோல்ட்டைத்தான் சொல்லுவேன். கழற்றுகிற 6 வோல்ட் சாமானை ஒரு பெட்டியில் போட்டு வண்டியோடு வைத்திருந்தால், பின்னால் வருகிறவர் திரும்ப மாற்றலாம்.

கோவைலேத்

பூச்சு விஷயத்துக்கு வருவோம். சட்டத்தில் மெலிந்த இடம் இருக்கிறது என்றீர்களே, அதை வெல்டிங் வைத்தால் சுற்றிலும் பூச்சு கருகும். அப்போது முழுதாக அடிப்பது தவிர வழி என்ன?

சில்லு

அந்த இடம் பக்கமூடிக்கு உள்ளே மறைகிறது. ஒரு சிறு தகடு வெட்டி உள்பக்கமாக வைத்து வெல்ட் பண்ணக் கொடுத்தேன். சுற்றிலும் ஈரத் துணி சுற்றி, விட்டு விட்டு ஒட்ட வைத்தார் வெல்டர். கருகியது உள்ளங்கை அளவுகூட இல்லை. அங்கே மட்டும் பிரைமரும் பெயின்றும் தூரிகையால். நிறம் கொஞ்சம் வேறுபடுகிறது, அதை மறைக்க முயலவில்லை.

மற்றப்படி பூச்சுக்குச் செய்தது குறைவுதான். சவர்க்காரத் தண்ணீர், பிறகு மண்ணெண்ணெய் தோய்த்த பருத்தித் துணி, அதன்பிறகு மெல்லிய பொலிஷ். கம்பனிப் பூச்சு மிக மெல்லியது. விளிம்புகளில் மூன்று தடவை அழுத்தித் தேய்த்தால் இரும்பு தெரிந்துவிடும், அதனால் விளிம்பைத் தொடாமல் விட்டேன். துருப் புள்ளிகளில் பொஸ்போரிக் அமிலம் கலந்த துருமாற்றியை ஈர்க்குச்சி முனையால் தொட்டு வைத்தேன். கறுப்பாகி நின்றுவிட்டது. சட்டத்தின் உள்பக்கம்தான் உண்மையில் அழுகுகிற இடம். அங்கே மெழுகு கலந்த எண்ணெயைத் தாராளமாக விசிறினேன். வெளியே புதுப் பூச்சு அடித்து உள்ளே வெறுமையாக விட்ட வண்டிகளைவிட இது நிலைக்கும் என்று நம்புகிறேன்.

ஆசிரியரின் வலக்கால் பாதம் பட்டுப் பட்டு ஒரு இடத்தில் சிவப்பு தேய்ந்து, கீழே சாம்பல் பிரைமர் நீள்வட்டமாகத் தெரிகிறது. புதுப் பூச்சு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைத் திருப்பித் தராது.

கோவைலேத்

உள்பக்கம் மெழுகு என்றால் என் எதிர்ப்பு பாதி குறைந்தது. மறு பாதி இன்னும் இருக்கிறது: மழைக்காலம் முடியும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிகளைப் பாருங்கள். படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2கே பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரணத் துணி முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் ஸ்ப்ரே பண்ணாதீர்கள், ஆஸ்துமாவில் கொண்டு விடும். அதற்கு வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வேண்டும். இல்லாதவர்கள் பெயிண்ட் கடையிலேயே கொடுத்து அடிப்பது நல்லது. பழைய பிரேக் ஷூவிலும் பேக்கிங்கிலும் கல்நார் இருக்கலாம். டிரம்முக்குள் காற்றடித்துத் தூசி கிளப்பாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

பழையகரி

தாங்கிக்கு என்ன செய்தீர் தம்பி? நாங்கள் அந்தக் காலத்தில் சல்லிக்கல்லும் சங்கிலியும் போட்டுக் குலுக்குவோம்.

சில்லு

சங்கிலி போட யோசித்தேன், ஆனால் மூலைகளில் தகடு மெல்லியது. மின்பகுப்பு முறையில் எடுத்தேன். முதலில் சவர்க்காரத் தண்ணீரால் பெற்றோல் மணமே இல்லாமல் போகும்வரை கழுவ வேண்டும். இதில் அவசரப்படவே கூடாது, உள்ளே ஆவி மிஞ்சியிருந்தால் ஒரு பொறி போதும். பிறகு தண்ணீர் நிரப்பி, 5 லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் சலவைச் சோடா. ஒரு இரும்புக் கம்பியை ரப்பர் மூடியில் குத்தி, தாங்கியின் எந்தப் பக்கமும் படாமல் உள்ளே தொங்கவிட்டேன். பற்றரி சார்ஜரின் நேர்முனை கம்பிக்கு, எதிர்முனை தாங்கிக்கு. மாற்றிக் கொடுத்தால் தாங்கி கரையும்.

கம்பி சாதாரண இரும்பாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு போட்டால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் கரையும். ஐதரசன் வாயு வரும் என்பதால் வெளியில் வைத்து, வாயைத் திறந்தே விட வேண்டும். கம்பியில் செம்மண் போலக் களி படியப் படிய, எடுத்துச் சுரண்டித் திரும்ப வைத்தேன். உள்ளே சாம்பல் நிற இரும்பு தெரிந்த பிறகு கழுவி, உடனே வெயிலில் காயவைத்து, கொஞ்சம் ஒயில் விட்டுச் சுழற்றினேன். ஒரு மணித்தியாலம் ஈரமாக விட்டாலே திரும்பச் செம்மஞ்சள் படரும்.

எரிபொருள் திறப்பு இந்த மொடலில் காபரேற்றரோடு சேர்ந்தே இருக்கிறது, அதன் அடியில் சின்னக் கிண்ணமும் வலையும். அதைத் துப்பரவாக்காமல் தாங்கியை மட்டும் துப்பரவாக்கினால் வேலை பாதியில் நிற்கும். சிறிய ஜெற்றின் துளைக்குள் கம்பி விடாமல், மீன் தூண்டில் நைலோன் நூலை விட்டு இழுத்தேன். பித்தளை மென்மையானது, துளை பெருத்தால் பெற்றோல் கூடும்.

தேம்ஸ்90

கால்மறைப்பு? இங்கே புதுசே வாங்கலாம், அனுப்பிவிடவா?

சில்லு

அன்புக்கு நன்றி, ஆனால் பழசையே ஒட்டிவிட்டேன். அது பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக். சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது, அரல்டைற்றும் காய்ந்த பிறகு தகடாகக் கழன்று வரும். அதே வகைப் பிளாஸ்ரிக்கால் உருக்கி ஒட்டுவதுதான் நம்பகமான வழி. வெள்ளைப் பிளாஸ்ரிக் கானின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கிறதா பார்த்து, அதிலிருந்து மெல்லிய கீற்றுகள் வெட்டினேன். பிளவின் முடிவில் ஒரு சின்ன ஓட்டை துளைத்தால் பிளவு மேலே ஓடாது. பிறகு ஈயம் ஒட்டுகிற இரும்பால் பின்பக்கத்தில் பிளவின் இரு கரைகளையும் கீற்றையும் ஒன்றாக உருக்கி, தையல் போடுவதுபோல் குறுக்கும் மறுக்குமாக இழுத்தேன். முன்பக்கம் தலைமயிர் அளவு கோடு மட்டும் தெரிகிறது. போல்ட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர் இல்லாமல் இறுக்கியதுதான் பிளந்ததற்குக் காரணம், இப்போது போட்டிருக்கிறேன்.

கப்சாய்70

எஞ்சின் பூட்டிவிட்டீர்களா? வால்வுகளை இயக்கும் கேம் சங்கிலியைப் போடும்போது ஃபிளைவீலில் டி குறி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) எஞ்சின் உடலிலுள்ள குறிக்கு நேராகவும், மேலே பல்சக்கரத்தில் வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராகவும் நிற்க வேண்டும். ஹெட் நட்டுகளில் செப்பு வாஷர் போகும் இடம் மாறினால் எண்ணெய் வெளியே வரும். சி50, சி70இல் தண்டுகள் சின்னவை, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்காதீர்கள். 0.9 முதல் 1.2 கிலோகிராம்-மீட்டர் வரைதான், குறுக்குக் குறுக்காக.

சில்லு

நீங்கள் சொன்ன ஒழுங்கில்தான் பூட்டினேன். கஸ்கெற் இப்போது ஒன்றுதான். டாப்பெற் இரண்டும் குளிர்ந்த நிலையில் 0.05 மி.மீ. பொயின்ற் 0.35. ஃபிளைவீலில் உள்ள எஃப் குறி (தீப்பொறி வர வேண்டிய இடம்) நேருக்கு வருகிற நொடியில் பொயின்ற் திறக்கத் தொடங்க வேண்டும். அதைப் பார்க்க பொயின்ற்றுக்கு நடுவே சிகரெட் தாள் ஒன்றை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே ஃபிளைவீலை இடஞ்சுழியாகத் திருப்பினேன். தாள் விடுபட்ட இடம்தான் திறக்கும் இடம்.

கிளச்சுக்குள் இருக்கிற மையவிலக்கு வடிகட்டியைத் திறந்தால் தார் போல ஒரு களி. மண்ணெண்ணெய்க் காலத்துச் சொத்து. வலைவடியையும் இழுத்துக் கழுவினேன். ஒயில் 0.8 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கான ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்ற ஜப்பானியத் தர வகை. காருக்கு வருகிற வழுவழுப்பு கூட்டிய ஒயில் கிளச்சை நழுவ வைக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, டாப்பெற் மூடிக்குள் ஒயில் ஏறி மினுங்கும்வரை கிக்கரை மிதித்தேன். அதற்குப் பிறகுதான் பிளக்கைப் பூட்டி உதைத்தது.

நேற்றுப் பின்னேரம் ஓடத் தொடங்கிவிட்டது! சத்தம் சன்னமாக, சீராக இருக்கிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் புகைத்தது, ரிங் படியப் படியக் குறைகிறது. ஆசிரியருக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். பேசாமல் ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூன்றாம் கியருக்கு இன்னும் குதிக்குதோ?" என்று கேட்டார். குதிக்கத்தான் செய்கிறது. கியர் மாற்றும்போது ஒரு உதறல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கப்சாய்70

கிளச் திருகு. வலப்பக்க மூடியில் நட்டும் நடுவில் திருகும் இருக்கும். நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் ஒரு சுற்றுத் திருப்பி, பிறகு இடப்பக்கம் லேசாகத் தடுக்கிற இடம்வரை கொண்டு வாருங்கள். அங்கிருந்து வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்றுவரை. திருகைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்கள். ஐட்லிங் அதிகமாக இருந்தாலும் உதறும், அதையும் குறையுங்கள்.

சில்லு

சரியாகிவிட்டது! வெண்ணெய்போலப் போகிறது. பெரிய நன்றி.

இனி மிச்சம் கடதாசி வேலை. காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் எடுத்தால்தான் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதற்கு முன் ரயர் இரண்டும் புதிது போடுகிறேன், 2.25-17. வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கோ. முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு ஆண்டு. கடையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததைப் புதுசு என்று தருவதுண்டு. முன்பக்கத்து ஊசலாடும் கைகளின் புஷ்ஷையும் மாற்றினேன். பிறேக் பிடித்தால் முன்பக்கம் தாழாமல் எழும்புவது இந்த வண்டியின் இயல்பு, அதைப் பழுது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

மட்டுவாவி (மட்டக்களப்பு)

இழை முழுவதும் வாசித்தேன், நல்ல பயன். என்னிடம் ஒரு சி90 இருக்கிறது. கிக்கர் அசையவே இல்லை, கல்லாக இறுகிவிட்டது. ஏறி நின்று மிதித்துப் பார்க்கட்டுமா?

கோவைலேத்

வேண்டாம். கிக்கர் பல் உடையும், ரிங் ஒட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டனே உடையும். பிளக்கைக் கழற்றி டீசலும் எஞ்சின் ஆயிலும் சமமாகக் கலந்து உள்ளே விட்டு, பிளக் ஓட்டை மேலே பார்க்கும்படி வண்டியைச் சாய்த்துச் சில நாள் விடுங்கள். பிறகு ஃபிளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் மிக லேசாக அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது போதும், மறுபடி கலவை விட்டுக் காத்திருங்கள்.

சில்லு

அத்தோடு டாப்பெற் மூடிகளையும் கழற்றிப் பாருங்கோ. வால்வு தண்டு துருப்பிடித்து இறங்கினபடி நின்றால் பிஸ்ரன் அதில் முட்டிக்கொண்டும் நிற்கும். இரண்டு மூடிக்குள்ளும் ஒவ்வொரு படம், பிளக் ஓட்டைக்குள் ரோச் அடித்து ஒரு படம். மூன்றையும் இங்கே போடுங்கோ, எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுறம்.